அமெரிக்க கோர்ட்ல சப்ரஷன் ஹியரிங் கேட்டா குடுத்தே ஆகணுமா, இல்ல ஜட்ஜ் பேப்பர பாத்துட்டே தள்ளிடலாமா?

லா_படிக்கிறவன்:
வணக்கம் மக்களே. மண்டைய குடையுற ஒரு சந்தேகம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. அமெரிக்க கோர்ட் சிலது யூட்யூப்ல லைவ் ஓடும்ல, தூக்கம் வராதப்ப அத பாக்குறது எனக்கு பழக்கமாயிடுச்சு. நேத்து ஒரு கேஸ். ஹைவேல கார நிறுத்தி, மோப்ப நாய கூட்டிட்டு வந்து சுத்த விட்டு, டிக்கில இருந்து போதை மாத்திரை எடுத்திருக்காங்க. டிஃபென்ஸ் வக்கீல் அந்த மாத்திரைய எவிடன்ஸா எடுத்துக்கக் கூடாதுன்னு மோஷன் (மனு, இதத்தான் சப்ரஷன் மோஷன்னு சொல்றாங்க) போட்டு, போலீஸ்காரர சாட்சியா ஏத்தி குறுக்கு விசாரணை பண்ண ஹியரிங் வேணும்னு கேக்குறாரு. ஜட்ஜம்மா பேப்பர புரட்டிட்டு, நீங்க இதுல எந்த ஃபேக்டையும் மறுக்கவே இல்லையே அப்புறம் எதுக்கு ஹியரிங்னு சொல்லி மோஷனையே தள்ளிட்டாங்க. ஒரு சாட்சி இல்ல, ஒரு கேள்வி இல்ல. இது எப்படிங்க சரி? அரசியல் சாசன உரிமைய பத்தி ஒருத்தன் கேக்குறப்ப அவன் பக்கத்த கேக்காமலேயே முடிச்சிடலாமா? ஹியரிங்ங்கறது உரிமையா, ஜட்ஜ் மனசு வச்சா குடுக்குற சலுகையா?

சும்மா_வந்தேன்:
மாத்திரை இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. அப்புறம் என்ன ஹியரிங்கு. நாய் பொய் சொல்லிடுச்சாமா?

மதுரக்காரன்_வக்கீல்:
தம்பி நல்ல கேள்வி. நான் மதுர பெஞ்ச்ல பிராக்டிஸ் பண்றேன், கிரிமினல் சைடு. நம்மூர்ல இந்த ஹியரிங்கே கிடையாது, அதனால மொதல்ல கேக்கும்போது எனக்கும் புதுசா தான் இருந்துச்சு. இங்க சட்டவிரோதமா சோதனை போட்டு எடுத்தாலும் பொருள் பொருள்தான், பூரன் மல் கேஸ்ல 1973லயே சுப்ரீம் கோர்ட் அத சொல்லி முடிச்சிட்டாங்க. போதைப்பொருள் சட்டத்துல பிரிவு 50 (ஆள சோதனை போடும்போது அவனுக்கு உள்ள உரிமை) மாதிரி விஷயத்துல மட்டும் பல்தேவ் சிங் கேஸ் (1999) வந்து கொஞ்சம் பல்லு வச்சாங்க. அதையும் தனியா உக்காந்து கேக்க மாட்டாங்க, ட்ரையல் முழுசா நடந்து கடைசி ஆர்க்யுமென்ட்ல தான் நாம பேசணும். அமெரிக்காவுல எவிடன்ஸ் உள்ள வருமா வராதான்னு ட்ரையலுக்கு முன்னாடியே தனி சண்டை. அந்த சண்டைக்கு டிக்கெட் எப்ப கெடைக்கும்ங்கறது தான் உன் கேள்வி. ப்ரூக்ளின் அக்கா இந்தப் பக்கம் வந்தா சொல்லுவாங்க, அவங்க பொழப்பே அது தான்.

ப்ரூக்ளின்_அக்கா:
வந்துட்டேன் :) நான் வக்கீல் இல்ல, டிஃபென்ஸ் ஆஃபீஸ்ல பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாள். மோஷன் பேப்பர் டைப் பண்ணி டைப் பண்ணி கை தேஞ்சவ.

தம்பி, மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. உன் கேள்விக்கு ஒரே பதில் இல்ல, எந்த எவிடன்ஸ எதிர்க்குற, எந்த கோர்ட்ல எதிர்க்குறங்கறத பொறுத்து மாறும். சிலதுக்கு ஹியரிங் கேட்டாலே குடுத்தாகணும். சிலதுக்கு நீ சம்பாதிச்சுக்கணும். நீ பாத்த கேஸ் ரெண்டாவது ரகம்.

கார் சோதனை, வீட்டு சோதனை இதெல்லாம் நாலாவது திருத்தம், அதாவது நியாயமில்லாத சோதனைய தடுக்குற அரசியல் சாசன விதி. இதுக்கு ஃபெடரல் கோர்ட்ல (மத்திய அரசு கோர்ட்) பொதுவான அளவுகோல் என்னன்னா, உன் மோஷன் பேப்பர்ல ஃபேக்ட்ஸ தெளிவா, குறிப்பா, இது தான் நடந்துச்சுன்னு எழுதியிருக்கணும், அத படிக்குற ஜட்ஜுக்கு சரி இங்க ரெண்டு தரப்பும் வேற வேற கதை சொல்றாங்க, எது நெசம்னு சாட்சிய கேட்டா தான் தெரியும்னு தோணணும். ஒன்பதாவது சர்க்யூட்ல (ஃபெடரல் அப்பீல் கோர்ட்கள்ல ஒண்ணு) ஹவெல்னு ஒரு தீர்ப்பு 2000ல, அத எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. மத்த சர்க்யூட்லயும் வார்த்தை தான் வேற, சங்கதி இதே. சட்டம் பத்தின சண்டை மட்டும்னா ஹியரிங் எதுக்கு? போலீஸ்காரர் சொல்றது அத்தனையும் உண்மைன்னே வச்சுக்கிட்டு, அப்பவும் அது தப்புன்னு நீ வாதாடுறன்னா, அத வக்கீல் வாயால வாதாடலாமே, சாட்சி எதுக்கு.

நடைமுறைல என்ன ஆகுதுன்னா நெறைய பேரு ஒரு டெம்ப்ளேட் வச்சிருக்காங்க. "இந்த சோதனை வாரண்ட் இல்லாமலும் ப்ராபபிள் காஸ் இல்லாமலும் நடந்தது, ஆகவே ஹியரிங் வேண்டும்"னு ஒரு வரி. ப்ராபபிள் காஸ்னா குற்றம் நடந்திருக்கும்னு நம்ப நியாயமான காரணம். பேர மட்டும் மாத்தி மாத்தி ஃபைல் பண்ணுவாங்க. அது ஃபேக்ட் இல்ல தம்பி, முடிவு. என்ன நடந்துச்சுன்னு அதுல ஒரு வார்த்தை இல்ல. நீ பாத்த ஜட்ஜம்மா கைல இந்த மாதிரி ஒண்ணு தான் இருந்திருக்கும்னு நெனைக்கிறேன்.

லா_படிக்கிறவன்:
// சிலதுக்கு நீ சம்பாதிச்சுக்கணும் //

அக்கா ரொம்ப நன்றி. ஆனா ஒரு டவுட். நாய் வந்து மோப்பம் புடிச்ச கேஸ்ல என்ன மாதிரி ஃபேக்ட் எழுதினா சண்டைன்னு ஆகும்? அங்க நின்னவன் ஒரு டிரைவர், நடு ரோட்டுல நடுங்கிட்டு நின்னிருப்பான், அவனுக்கு என்ன தெரியும்?

டாலஸ்_பக்கம்:
இதுக்கு நான் சொல்லலாமா? ஐடி ஆள் தான், ஆனா இங்க ஜூரி டியூட்டி போனதுல இருந்து இந்த சப்ஜெக்ட்ல ஒரு கிறுக்கு.

ரோட்ரிகஸ்னு ஒரு கேஸ் 2015ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. நெப்ராஸ்கா, நடு ராத்திரிக்கு மேல, ஹைவே ஓரமா ஷோல்டர்ல வண்டி ஏறுச்சுன்னு நிறுத்தினாங்க. போலீஸ்காரர் வார்னிங் எழுதிக் குடுத்து, லைசென்ஸெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாரு. வேலை முடிஞ்சது. அதுக்கப்புறம் நாய சுத்த விடவான்னு கேட்டாரு, இவன் முடியாதுன்னான், இன்னொரு போலீஸ் வர்ற வரைக்கும் நிக்க வச்சு நாய விட்டாரு. வார்னிங் குடுத்ததுக்கும் நாய் காட்டிக்குடுத்ததுக்கும் நடுவுல ஏழெட்டு நிமிஷம். அந்த ஏழெட்டு நிமிஷம் தான் மொத்த கேஸே. டிராஃபிக் வேலை முடிஞ்ச பிறகு, தனியா ஒரு சந்தேகக் காரணம் இல்லாம ஒரு ஆள நிக்க வைக்கக் கூடாதுன்னு ஜஸ்டிஸ் கின்ஸ்பர்க் எழுதினாங்க.

அப்போ டிரைவர் "அவரு எனக்கு டிக்கெட்ட (டிராஃபிக் அபராதச் சீட்டு) குடுத்து லைசென்ஸயும் திருப்பிக் குடுத்துட்டாரு, அதுக்கப்புறம் தான் நாய் வண்டியே வந்துச்சு"ன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தான்னா, போலீஸ் ரிப்போர்ட்ல "டிக்கெட் எழுதிட்டு இருக்கும்போதே நாய் வந்துடுச்சு"ன்னு இருந்துச்சுன்னா, அது உண்மையான சண்டை. எது நெசமோ அதுக்கேத்த மாதிரி தீர்ப்பு தலைகீழா மாறும்.

ப்ரூக்ளின்_அக்கா:
// எது நெசமோ அதுக்கேத்த மாதிரி தீர்ப்பு தலைகீழா மாறும் //

இது தான் பாதி பேருக்கு பிடிபடாத விஷயம். டாலஸ் அண்ணன் கரெக்டா புடிச்சாரு. சண்டை இருந்தா மட்டும் பத்தாது, அந்த சண்டைல நீ ஜெயிச்சா எவிடன்ஸ் வெளிய போகணும். இதுக்கு எதிர் உதாரணம் ஹட்சன் எதிர் மிச்சிகன், 2006. டெட்ராய்ட்ல வாரண்டோட போனாங்க, போலீஸ்னு கத்திட்டு மூணுல இருந்து அஞ்சு செகண்ட் தான் நின்னாங்க, கதவ தொறந்து உள்ள போயிட்டாங்க. கதவ தட்டி போதுமான நேரம் காத்திருக்கணும்ங்கற விதிய மீறிட்டாங்கன்னு அரசு தரப்பே ஒத்துக்கிச்சு. ஆனா சுப்ரீம் கோர்ட் 5-4ல, விதி மீறல் தான், ஆனா அதுக்காக எவிடன்ஸ தூக்கிப் போட மாட்டோம்னுட்டாங்க. அப்போ இன்னைக்கு ஒருத்தன் ஃபெடரல் கோர்ட்ல வந்து "மூணு செகண்ட் தான் நின்னாங்க", போலீஸ் "இல்ல இருபது செகண்ட் நின்னோம்"னு எவ்வளவு சண்டை போட்டாலும் அதுக்கு ஹியரிங் கெடைக்காது. நெசமான தகராறு தான், ஆனா பிரயோஜனம் இல்லாத தகராறு.

இன்னொரு படி இருக்கு, அத தாண்டாம ஒண்ணுமே நடக்காது. உன்னோட பிரைவசி தான் மீறப்பட்டுச்சுன்னு நீ காட்டணும். ராகாஸ் எதிர் இல்லினாய், 1978. அடுத்தவன் காருல சும்மா உக்காந்து வந்தவன், காருக்குள்ள சீட்டுக்கடில எடுத்த துப்பாக்கிய எதிர்க்க முடியாதுன்னாங்க. ஆனா கார நிறுத்தினதே தப்புன்னா பயணியும் எதிர்க்கலாம், அது ப்ரெண்ட்லின், 2007. வாடகை கார் ஒப்பந்தத்துல பேரு இல்லாதவன் ஓட்டிட்டு வந்தா? பைர்ட் கேஸ், 2018. ஒப்பந்தத்துல பேரு இல்லங்கறதுக்காக மட்டும் உரிமை போயிடாதுன்னு ஒம்பது பேரும் ஒரே தீர்ப்பு. அவன் டிக்கில 49 கட்டு ஹெராயின் இருந்துச்சு, சும்மா_வந்தேன் சார் கவனிக்கவும் :)

சும்மா_வந்தேன்:
49 கட்டு ஹெராயின் வச்சிருந்தவனுக்கு ஒம்பது ஜட்ஜும் சேந்து உரிமை குடுத்தாங்களா. நல்ல நாடுய்யா. போலீஸ்காரன் ஏதோ ஃபார்ம்ல ஒரு கட்டத்த டிக் பண்ணாம விட்டுட்டான்னு திருடன வெளிய விடுறது எந்த ஊர் நியாயம்?

மதுரக்காரன்_வக்கீல்:
சார் நீங்க கேட்டத 1926லயே நியூயார்க்ல கார்டோசோன்னு ஒரு பெரிய ஜட்ஜ் கேட்டுட்டாரு, கான்ஸ்டபிள் சொதப்புனதுக்கு குற்றவாளி தப்பிச்சுப் போகணுமான்னு. அதனால நீங்க தனியா இல்ல, நல்ல கம்பெனில தான் இருக்கீங்க. ஆனா 1961ல மேப் எதிர் ஓஹையோ வந்து அந்தக் கதைய மாத்திடுச்சு. டால்ரீ மேப்னு ஒரு அம்மா, க்ளீவ்லாண்ட்ல வீடு. போலீஸ் வந்து வாரண்டுன்னு ஒரு பேப்பர ஆட்டிக் காட்டுது, அந்தம்மா அத புடுங்கி சட்டைக்குள்ள வச்சுக்கிச்சு, அத திருப்பி புடுங்கி கைல விலங்கு போட்டு வீடு முழுக்க புரட்டினாங்க. ட்ரையல்ல அந்த வாரண்ட எடுத்துக் காட்டவே இல்ல. இது ஃபார்ம்ல டிக் விட்டுப் போன கதையா? யாராவது ஒருத்தர் உக்காந்து "எங்கய்யா அந்த வாரண்டு"ன்னு போலீஸ சத்தியத்துல வச்சு கேக்கணும்ல. அந்த இடம் தான் ஹியரிங்.

அப்புறம் ஒம்பது ஜட்ஜும் அவன வெளிய விடல, பைர்ட் கேஸ்ல உனக்கு எதிர்க்குற தகுதி இருக்கலாம், போய் கீழ் கோர்ட்ல மிச்சத்த பாருன்னு திருப்பி அனுப்பிச்சாங்க. அம்புட்டுத்தேன்.

லா_படிக்கிறவன்:
சார் வாரண்டுன்னதும் தான் கேக்கத் தோணுது. வாரண்ட் இருந்தா என்ன ஆகும்? ஒரு மாஜிஸ்ட்ரேட் ஏற்கனவே பாத்து கையெழுத்து போட்டிருக்காரு. அந்த அஃபிடவிட்ல போலீஸ் பொய் எழுதியிருந்தா அதுக்கு ஹியரிங் உண்டா?

ப்ரூக்ளின்_அக்கா:
இதுக்குன்னே பேர் வச்ச ஹியரிங் இருக்கு. ஃப்ராங்க்ஸ் ஹியரிங். ஃப்ராங்க்ஸ் எதிர் டெலவேர், 1978. கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா "ஹியரிங்குக்கு எப்ப உரிமை வரும்"ங்கற கேள்விய சுப்ரீம் கோர்ட் நேரடியா எடுத்து அளவு போட்டு சொன்ன இடம் இது தான்.

ஜெரோம் ஃப்ராங்க்ஸ் மேல பாலியல் வன்கொடுமை கேஸ். வீட்ட சோதனை போட வாரண்ட் வாங்கினாங்க. அஃபிடவிட்ல, அவன் வேலை பாத்த யூத் சென்டர்ல ரெண்டு பேர்கிட்ட நாங்களே பேசினோம், இவன் வழக்கமா இன்ன மாதிரி ட்ரெஸ் தான் போடுவான்னு சொன்னாங்கன்னு எழுதியிருந்தாங்க. பாதிக்கப்பட்ட பெண் சொன்ன ட்ரெஸ்ஸோட அது பொருந்துது. சோதனைல வெள்ளை தெர்மல் பனியன், ஒரு கத்தி எல்லாம் கெடச்சது. டிஃபென்ஸ் என்ன சொல்லிச்சுன்னா, அந்த ரெண்டு பேரும் இந்த டிடெக்டிவ்கள்கிட்ட பேசவே இல்ல, வேற ஒரு போலீஸ்காரர்கிட்ட பேசியிருக்கலாம், சொன்ன விஷயமும் இது இல்ல, அவங்கள கூப்பிட்டு கேக்க விடுங்கன்னாங்க. டெலவேர் கோர்ட், சத்தியம் பண்ணி எழுதின அஃபிடவிட்டுக்கு பின்னாடி போய் நோண்டவே கூடாதுன்னு கதவ சாத்திடுச்சு. சுப்ரீம் கோர்ட் 7-2ல அத தொறந்தாங்க. ப்ளாக்மன் எழுதின தீர்ப்பு.

ஆனா தொறந்த கதவு ரொம்ப குறுகல். நீ இன்ன வரி பொய்னு சுட்டிக் காட்டணும். தெரிஞ்சே சொன்ன பொய், இல்ல உண்மையா பொய்யான்னு கவலையே படாம எழுதினதுன்னு சொல்லணும், கவனக்குறைவு, ஞாபகப் பிசகு எல்லாம் கணக்குல வராது. சும்மா சொன்னா போதாது, சாட்சிகளோட சத்தியப் பிரமாணம் கூட வைக்கணும், வைக்க முடியலன்னா ஏன்னு சொல்லணும். பொய் சொன்னது அஃபிடவிட் எழுதின போலீஸ் தரப்பா இருக்கணும், அவருக்கு துப்பு குடுத்தவன் பொய் சொல்லியிருந்தா அது பத்தாது. இத்தனையும் செஞ்சிட்டு வந்த பிறகு கோர்ட் என்ன பண்ணும்னா, நீ பொய்னு சொல்ற வரிய எல்லாம் அடிச்சிட்டு மிச்சத்த படிக்கும். மிச்சமே ப்ராபபிள் காஸுக்கு போதும்னா ஹியரிங் கெடையாது, போய் வா. போதாதுன்னா தான், அப்ப தான், அரசியல் சாசனப்படி உனக்கு ஹியரிங் உரிமை. அந்த இடத்துல ஜட்ஜ் மறுக்க முடியாது.

எங்க ஆஃபீஸ்ல ஃப்ராங்க்ஸ் மோஷன் போடுவோம்னு யாராவது சொன்னா சீனியர் வக்கீல் கேக்குற மொத கேள்வி, "அந்த வரிய எடுத்தா வாரண்ட் விழுமா?" தான். பொய் அவ்வளவு முக்கியம் இல்ல. பொய் தாங்கிப் புடிச்சிருக்குற தூணான்னு பாக்கணும்.

ஜெயிச்சா பலன் பெருசு. வாரண்ட நம்பி போலீஸ் நல்லெண்ணத்துல செஞ்சா எவிடன்ஸ் செல்லும்னு 1984ல லியோன் கேஸ்ல ஒரு விதிவிலக்கு கொண்டு வந்தாங்கல்ல, போலீஸே பொய் சொல்லி வாங்கின வாரண்டுக்கு அது பொருந்தாது.

மதுரக்காரன்_வக்கீல்:
ரகசிய துப்பு குடுத்தவன் பேர கேட்டா சொல்வாங்களாம்மா? நம்மூர்ல "நம்பத்தகுந்த தகவலாளி"ன்னு எழுதிட்டா அதோட கதை முடிஞ்சிச்சு.

ப்ரூக்ளின்_அக்கா:
அங்கயும் பெரும்பாலும் அதே தான் சார். மெக்ரே எதிர் இல்லினாய், 1967. சப்ரஷன் ஹியரிங்ல போலீஸ்காரர் சொல்றது ஜட்ஜுக்கு திருப்தியா இருந்தா தகவலாளி பேர வெளிய சொல்ல வேண்டியதில்ல. நியூயார்க்ல டார்டன் ஹியரிங்னு ஒண்ணு இருக்கு, சில நேரத்துல ஜட்ஜ் அந்த ஆள தனியா கூப்பிட்டு விசாரிப்பாரு, டிஃபென்ஸ் வெளிய நிக்கணும், கேள்விய எழுதி வேணா குடுக்கலாம். அப்படி ஒரு ஆள் நெசமாவே இருக்கானான்னாவது பாக்கறாங்க.

சும்மா_வந்தேன்:
சரி ஒரு நேர்மையான கேள்வி, கிண்டல் இல்ல. டிரைவர் சத்தியம் பண்ணி எழுதணும்கிறீங்க. "அந்த டிக்கில இருந்த பை என்னோடது, எனக்கு அதுல பிரைவசி இருக்கு"ன்னு அவன் எழுதினா, அதையே எடுத்து ட்ரையல்ல "பாருங்க அவனே ஒத்துக்கிட்டான் பை அவனோடது தான்"னு மாட்டி விட மாட்டாங்களா? ஹியரிங் வேணும்னு கேட்டு ஜெயிலுக்கு போன மாதிரி ஆயிடாது?

டாலஸ்_பக்கம்:
சும்மா_வந்தேன் சும்மா வரல போல :) சிம்மன்ஸ் எதிர் யுனைடெட் ஸ்டேட்ஸ், 1968, அப்படியே இந்தக் கேள்வி தான். சிகாகோவுல சேமிப்பு சங்கம் ஒண்ணுல கொள்ளை. ஒரு வீட்டு பேஸ்மென்ட்ல சூட்கேஸ் எடுத்தாங்க, உள்ள துப்பாக்கி உறை, நோட்டுக்கட்டு சுத்துற பட்டை எல்லாம். காரெட்னு ஒருத்தன் அந்த சோதனைய எதிர்க்கணும்னா சூட்கேஸ் தன்னோடதுன்னு சொன்னா தான் தகுதி வரும், அதனால ஹியரிங்ல ஏறி சொன்னான். மோஷன் தோத்துச்சு. ட்ரையல்ல அரசு தரப்பு அவன் சொன்னதையே அவனுக்கு எதிரா வாசிச்சது. ஒரு அரசியல் சாசன உரிமைய கேக்குறதுக்காக இன்னொரு உரிமைய அடகு வைக்க சொல்றது தாங்க முடியாத விஷயம்னு ஜஸ்டிஸ் ஹார்லன் எழுதினாரு. அதனால ஹியரிங்ல சொன்னத குற்றத்த நிரூபிக்க ட்ரையல்ல பயன்படுத்தக் கூடாது.

ப்ரூக்ளின்_அக்கா:
அதுக்கு ஒரு ஓட்டை இருக்குங்க. ட்ரையல்ல அவனே சாட்சி சொல்ல ஏறி மாத்தி பேசினா, அவன் பேச்ச பொய்னு காட்ட ஹியரிங்ல சொன்னத எடுக்கலாமான்னு சுப்ரீம் கோர்ட் முடிவா சொல்லல, கீழ் கோர்ட் நெறைய பேர் எடுக்கலாம்னு விடுறாங்க. அது போக பொய் சொன்னான்னு ஜட்ஜ் முடிவு பண்ணிட்டா ஃபெடரல் தண்டனை கைட்லைன்ஸ்ல நீதிக்கு தடை போட்டதுன்னு 2 லெவல் ஏத்தலாம். அதனால அஃபிடவிட் எழுதும்போது எங்க ஆளுங்க ஒவ்வொரு வரியா கத்தரிப்பாங்க. பிரைவசிக்கு எவ்வளவு தேவையோ, சம்பவத்துக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு தான். ஹியரிங்கு கெடைக்குற அளவுக்கு சொல்லணும், அதுக்கு மேல ஒரு சொல்லு கூடாது. எங்க வேலைல கஷ்டமான எழுத்து இது தான்னு சொல்வேன், எதிர் தரப்ப மறுத்து பக்கம் பக்கமா எழுதுறது அதவிட ஈஸி.

ஒரு நல்ல விஷயம், ஃபெடரல் எவிடன்ஸ் விதி 104(டி) இருக்கு. இந்த மாதிரி ஹியரிங்ல அவன் சாட்சி சொன்னா கேஸோட மத்த விஷயத்துல எல்லாம் குறுக்கு விசாரணை பண்ண முடியாது.

வக்கீலே அஃபிடவிட் எழுதலாமான்னு கேட்டா, நியூயார்க் மாநில கோர்ட்ல எழுதலாம், கேள்விப்பட்டதா கூட எழுதலாம், யார் சொல்லி கேள்விப்பட்டோம், ஏன் நம்புறோம்னு காட்டணும், மாநில குற்ற நடைமுறைச் சட்டம் 710.60ல இருக்கு. அதே நியூயார்க்ல இருக்குற ஃபெடரல் கோர்ட்ல போய் வக்கீல் அஃபிடவிட்ட நீட்டினா ஜட்ஜ் நெறைய பேரு "நேர்ல பாத்தவன் எழுதினத கொண்டு வா"ன்னு தள்ளிடுவாங்க. ரெண்டு கோர்ட்டுக்கும் நடுவுல நடக்குற தூரம் தான். அந்த தூரத்துல ஹியரிங் காணாம போயிடும்.

லா_படிக்கிறவன்:
அக்கா மொத போஸ்ட்ல "கேட்டாலே குடுத்தாகணும்"னு ஒரு ரகம் சொன்னீங்களே, அது எது?

ப்ரூக்ளின்_அக்கா:
வாக்குமூலம். ஜாக்சன் எதிர் டென்னோ, 1964. டென்னோங்கறது சிங் சிங் ஜெயில் வார்டன் பேரு. நேதன் ஜாக்சன் ப்ரூக்ளின்ல ஒரு ஹோட்டல்ல கொள்ளையடிச்சிட்டு போலீஸ்காரர சுட்டுட்டான், அவனும் சுடப்பட்டான். ஆஸ்பத்திரில டெமரால், ஸ்கோபொலமின் எல்லாம் குடுத்த கையோட வாக்குமூலம் வாங்கினாங்க. அப்ப நியூயார்க் முறை என்னன்னா, வாக்குமூலம் தானா குடுத்ததா மிரட்டி வாங்கினதான்னு ஜூரியே முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுடுவாங்க. யோசிச்சு பாரு, "நான் தான் சுட்டேன்"னு அவன் சொன்னத கேட்டுட்டு, அப்புறம் அத மறந்துட்டு கேஸ பாருன்னா எந்த ஜூரி மறப்பான்? அதனால ஜட்ஜ் தனியா முதல்ல விசாரிச்சு தானா குடுத்ததான்னு தீர்மானிக்கணும், எதிர்த்தா அந்த ஹியரிங் அவனோட உரிமைன்னு 5-4ல சொன்னாங்க. நியூயார்க்ல அடுத்த வருஷமே ஹன்ட்லி கேஸ் வந்து அதுக்கு ஹன்ட்லி ஹியரிங்னு பேராச்சு. எங்க ஊர்ல எல்லா ஹியரிங்குக்கும் ஒரு ஆள் பேரு. பொருளுக்கு மேப், காரணமில்லாத அரெஸ்டுக்கு டனவே, வாக்குமூலத்துக்கு ஹன்ட்லி, அடையாளம் காட்டுறதுக்கு வேட். காரிடார்ல "மேப் டனவே ஹன்ட்லி வேட் எப்ப"ன்னு கேட்டுட்டு போவாங்க, புதுசா வர்றவங்க நாலு கட்சிக்காரங்கன்னு நெனச்சுக்குவாங்க.

இதுல ஒரு சூட்சுமம். 710.60ல மேப், டனவேக்கு சத்தியம் பண்ணி ஃபேக்ட் எழுதணும். ஹன்ட்லிக்கும் வேடுக்கும் ஃபேக்ட் எதுவும் எழுத வேண்டியதில்ல, மிரட்டி வாங்கினாங்கன்னு ஒரு வரி போதும், ஹியரிங் உண்டு. அடையாளம் காட்டுற விஷயத்துல மாநிலம் சட்டம் போட்டு குடுத்தது இது. அரசியல் சாசனம் அந்த அளவுக்கு கேக்கல, ஜூரி இல்லாம தனியா விசாரிக்கறது எல்லா கேஸ்லயும் கட்டாயம் இல்லன்னு வாட்கின்ஸ் எதிர் சவ்டர்ஸ்ல 1981ல சொல்லிட்டாங்க.

அப்புறம் 1993ல மென்டோசா தீர்ப்பு, நியூயார்க் அப்பீல்ஸ் கோர்ட். ஃபேக்ட் போதுமான்னு பாக்கும்போது பேப்பர மட்டும் பாக்காதீங்க, கேஸோட பின்னணியயும் பாருங்க, அவனுக்கு தகவல் கெடைக்க வழி இருந்துச்சான்னும் பாருங்கன்னாங்க. இது எனக்கு ரொம்ப புடிச்ச தீர்ப்பு. போலீஸ் ஏன் அவன புடிச்சாங்கன்னு அவங்க எந்த பேப்பர்லயும் சொல்லலன்னா, அவன் எத மறுப்பான்? "நான் தெருவுல சும்மா நடந்து போனேன், தப்பா எதுவும் பண்ணல"ன்னு தான் எழுத முடியும், சில நேரம் அது போதும். அதே ஆள், மாறுவேஷத்துல வந்த போலீஸ்கிட்டயே பொட்டலம் வித்தான்னு கேஸ்னா, "சும்மா நடந்து போனேன்" போதாது, வித்தேனா இல்லையான்னு அவனுக்கு தெரியும்ல, அத மறுத்து எழுதணும்.

மதுரக்காரன்_வக்கீல்:
இந்த வாக்குமூலம் விஷயத்துல மட்டும் நாம ஒரு படி மேல. போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லவே செல்லாது, பழைய சட்டத்துல பிரிவு 25, இப்ப புது சாட்சிய சட்டத்துல 23. மிரட்டினாங்களா இல்லையான்னு விசாரிக்கவே வேண்டாம். போதைப்பொருள் அதிகாரிகிட்ட குடுத்ததும் அப்படித்தான்னு 2020ல தோஃபன் சிங் கேஸ்ல சொல்லியாச்சு, அது நம்ம தமிழ்நாட்டுல இருந்து போன கேஸு. ஆனா அவன் சொன்னத வச்சு பொருள் ஏதாவது கண்டெடுத்தா அந்த அளவுக்கு சொன்னது செல்லும்னு ஒரு சந்து விட்டு வச்சிருக்காங்க, அதுல லாரியே போகும்.

டாலஸ்_பக்கம்:
எங்க டெக்சஸ் கதைய சொல்லாம போனா தூக்கம் வராது. இங்க 38.23ன்னு ஒரு சட்டம். ஜட்ஜ் சப்ரஷன் மோஷன தள்ளினாலும், எவிடன்ஸ் சட்டவிரோதமா எடுத்ததான்னு ட்ரையல்ல ஃபேக்ட் தகராறு வந்துச்சுன்னா ஜூரிகிட்டயே விடுவாங்க, சட்டவிரோதம்னு நெனச்சாலோ சந்தேகம் இருந்தாலோ அந்த எவிடன்ஸ மறந்துடுங்கன்னு சொல்லுவாங்க. ஆக டிஃபென்ஸ் ரெண்டு தடவ அடிக்கலாம். அதுக்கும் நெசமான தகராறு, தீர்ப்ப மாத்துற தகராறு வேணும். மொத தடவ ஹியரிங்கே குடுக்காம அஃபிடவிட்ட மட்டும் பாத்து முடிக்கவும் இங்க ஜட்ஜுக்கு சட்டத்துல இடம் உண்டு.

கலிஃபோர்னியா தான் இதுல தாராளம்னு படிச்சிருக்கேன், அக்கா சரியா?

ப்ரூக்ளின்_அக்கா:
கிட்டத்தட்ட. அங்க தண்டனைச் சட்டம் பிரிவு 1538.5. வாரண்ட் இல்லாத சோதனைன்னா டிஃபென்ஸ் "வாரண்ட் இல்ல"ன்னு சொன்னாலே போதும், அத நியாயப்படுத்துற சுமை அரசு தரப்புக்கு போயிடும், 1999ல வில்லியம்ஸ் கேஸ். அவங்க தான் போலீஸ்காரர கூட்டிட்டு வரணும். அதே ஊர்ல ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போட்டா மறுபடியும் ஹவெல் அளவுகோல், மறுபடியும் அஃபிடவிட்.

ஹியரிங் கெடச்சிட்டா எல்லாம் கெடச்ச மாதிரின்னும் நெனைக்காதீங்க. அங்க கேள்விப்பட்ட சாட்சியம் செல்லும் (மேட்லாக், 1974). அரசு தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியதில்ல, வாக்குமூலத்துக்கு கூட தராசு கொஞ்சம் சாஞ்சா போதும் (லெகோ, 1972). ஃபெடரல்ல மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ் சாட்சிய கேட்டு ரிப்போர்ட் எழுதுவாரு, டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் அந்த சாட்சி முகத்த பாக்காமலே முடிவு பண்ணலாம், ராடட்ஸ், 1980. அந்த தீர்ப்ப எனக்கு இன்னைக்கும் ஜீரணிக்க முடியல, போலீஸ்காரர் சொல்றத நம்புறதா டிரைவர் சொல்றத நம்புறதாங்கறது தான் கேள்வியே, அத ட்ரான்ஸ்கிரிப்ட்ல எப்படி பாப்பீங்க?

ஆனாலும் வக்கீலுங்க எதுக்கு ஹியரிங்குக்கு இப்படி அலையுறாங்கன்னா, போலீஸ்காரர ட்ரையலுக்கு முன்னாடியே சத்தியத்துல உக்கார வச்சு ஒரு தடவ பேச வச்சிடலாம். அவரு எழுதின முந்தின ஸ்டேட்மென்ட் எல்லாம் கைக்கு வரும், ஃபெடரல் குற்ற நடைமுறை விதி 12(எச்). தோத்தாலும் ட்ரான்ஸ்கிரிப்ட் மிச்சம். இத ஜட்ஜுங்களுக்கும் தெரியும், அதனால தான் தகராறு காட்டாதவனுக்கு "இது தகவல் தேடுற வேலை"ன்னு சொல்லி கதவ சாத்துறாங்க.

பாடி கேமரா வந்தப்புறம் இன்னும் இறுகிடுச்சு. வீடியோல தெளிவா இருந்தா ஜட்ஜ் தகராறு என்னன்னு கேக்குறாரு. அதனால நீ பாத்த நாய் கேஸ்ல வீடியோ இருந்திருந்தா அந்த வக்கீல் செய்ய வேண்டியது, வீடியோல எந்த நிமிஷத்துல லைசென்ஸ் கை மாறுதுன்னு குறிச்சு, அதுக்கும் ரிப்போர்ட்டுக்கும் எங்க ஒட்டலன்னு எழுதறது. ஒரு பத்தி போதும்.

லா_படிக்கிறவன்:
கடைசியா ஒண்ணு. ஹியரிங் மறுத்தாச்சு, மோஷன் போச்சு. அவன் குற்றத்த ஒத்துக்கிட்டா இந்த சண்டை அதோட செத்துடுமா?

ப்ரூக்ளின்_அக்கா:
ஃபெடரல்ல சாதாரணமா ஒத்துக்கிட்டா செத்துடும். விதி 11(ஏ)(2)ல நிபந்தனையோட ஒத்துக்கிட்டு அந்த ஒரு விஷயத்த மட்டும் அப்பீலுக்கு எடுத்து வச்சுக்கலாம், ஆனா அரசு தரப்பும் கோர்ட்டும் சம்மதிக்கணும். நியூயார்க்ல 710.70 படி ஒத்துக்கிட்ட பிறகும் தன்னால அப்பீல் உண்டு, யார் சம்மதமும் வேண்டாம். மேல் கோர்ட்ல பொதுவா கேக்குறது ஹியரிங் குடுத்திருக்கணும்ங்கறத மட்டும் தான், ஜெயிச்சா கேஸ் திரும்பி வந்து ஹியரிங் நடக்கும். ஆனா டீல் குடுக்கும்போதே அப்பீல் உரிமைய விட்டுக் குடுக்குறேன்னு ஒரு பேப்பர நீட்டி கையெழுத்து வாங்கிடுறாங்க பாரு, அதுல முக்காவாசி போயிடும். அந்த பேப்பர்ல கையெழுத்து செல்லுமாங்கறது இன்னொரு பெரிய சண்டை, அதுக்கு தனி த்ரெட் போடு தம்பி, எனக்கு நாளைக்கு கோர்ட் இருக்கு.